ஃபார்மட் அடிப்பதற்கு முன் ஒரு கேள்வி



நீளமான பதிவு. கோபத்தில் எழுதுகிறேன். கணக்கு வாத்தியார் கோபம் என்பதால் படிப்படியாகத்தான் வரும். டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன திங்கட்கிழமை காலையில், என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்டார். இன்றைக்கு அவருக்கே காலேஜ் போகும் பையன் இருக்கிறான். "சார், பையன் கம்ப்யூட்டர்ல ஜாவா ஓட மாட்டேங்குது. நாளைக்கு மறுநாள் லேப் எக்ஸாம். கடையில காட்டினேன். ரெண்டு வெர்ஷன் முட்டிக்குதாம், ஃபார்மட் அடிச்சாத்தான் சரியாகும்கிறாங்க. அடிச்சிரட்டுமா சார்?"

நான் பதில் தட்டவில்லை. நேராகப் போன் போட்டு, "எதையும் தொடாதே, மெஷினைத் தூக்கிக்கிட்டு முதல்ல வீட்டுக்குப் போ" என்று கத்திவிட்டேன். அவருக்கு வயது நாற்பதுக்கு மேல். பாவம், பத்தாம் வகுப்பில் நின்ற மாதிரியே "சரிங்க சார்" என்றார். மன்னிக்கணும் தம்பி. ஏன் கத்தினேன் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

என் தங்கையின் பேத்தியை உறவினர்கள் பலருக்குத் தெரியும். பெயர் போட வேண்டாம் என்று அவளே சொன்னாள், அதனால் பாப்பா என்றே எழுதுகிறேன். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம் படித்தபோது அவள் எடுத்துக்கொண்ட புராஜெக்ட், நெற்பயிரின் இலையைப் போட்டோ எடுத்துக் காட்டினால் என்ன நோய் என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும் என்பது. குலை நோயா, செம்புள்ளியா, இலைக்கருகலா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். இணையத்தில் கிடைக்கும் படங்களை வைத்தே முடித்திருக்கலாம். அவள் அப்படிச் செய்யவில்லை. சம்பா பயிர் நின்ற மாதங்களில் விடிகாலையில் வரப்பில் இறங்கி, தானே படம் எடுத்தாள். 1,400-க்கு மேல். ஒவ்வொரு படத்துக்கும் எந்த வயல், என்ன நோய், பயிருக்கு எத்தனை நாள் வயது என்று பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்டுக் கேட்டு எழுதி வைத்தாள். புராஜெக்ட் பைத்தான் 3.11-ல், டென்சர்ஃப்ளோ என்ற நூலகத்தை வைத்து நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

2025 பிப்ரவரியில் வேறு ஒரு பாடத்துக்காக ஒரு வீடியோ பார்த்தாள். "லேட்டஸ்ட் பைத்தானைப் போடுங்க, கீழே இருக்கிற பாத் பெட்டியில டிக் போட மறக்காதீங்க" என்று அதில் சொன்னார்கள். போட்டாள். பைத்தான் 3.13 வந்து உட்கார்ந்தது. மறுநாள் புராஜெக்டைத் திறந்தால், டென்சர்ஃப்ளோ என்று ஒன்றே இல்லை என்கிறது கம்ப்யூட்டர். மறுபடி இன்ஸ்டால் செய்யப் போனால், பொருத்தமான பதிப்பு எதுவும் கிடைக்கவில்லை என்கிறது. இரண்டு நாள் போராடினாள். மூன்றாம் நாள் அவள் காலேஜ் போன நேரத்தில், பிள்ளை அழுவதைப் பார்க்கப் பொறுக்காத அவள் அப்பா, சி.பி.யு.வைப் பைக்கில் வைத்துக் கட்டிக் கடைக்குக் கொண்டுபோனார்.

கடையில் ஒன்றும் கேட்காமல் செய்யவில்லை. "முக்கியமா எதாவது இருக்கா? டி டிரைவ்ல இருக்கிறது போகாது" என்று கேட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை, "ஒண்ணுமில்லப்பா, பாப்பா படிக்கிறது மட்டும்தான்" என்றிருக்கிறார். பாப்பா படித்தது அத்தனையும் திரையில் முதலில் தெரியும் டெஸ்க்டாப் ஃபோல்டரில் இருந்தது. அது சி டிரைவ். சி டிரைவைத்தான் அழித்தார்கள். எழுநூறு ரூபாய் கூலி.

சாயங்காலம் அவள் வந்து திறந்தபோது புது விண்டோஸ், புது வால்பேப்பர், புது பைத்தான். இருந்ததெல்லாம் போயிருந்தது. கொடுமையைக் கேளுங்கள்: கடையில் போட்டுக் கொடுத்த புது பைத்தானும் அதே 3.13. டென்சர்ஃப்ளோ அதிலும் ஏறவில்லை! எந்த நோய்க்காக மெஷினை அறுத்தார்களோ, அந்த நோய் அறுத்த பிறகும் அப்படியே இருந்தது.

இரவு பத்தரை மணிக்கு வீடியோ காலில் வந்தாள். "தாத்தா" என்றாள், அதற்கு மேல் பேச முடியவில்லை. முதல் தடவை எரர் வந்தபோது போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். ஜன்னலின் தலைப்பிலேயே 3.13 என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அப்போது டென்சர்ஃப்ளோ 3.12 வரைக்கும்தான் வந்திருந்தது. 3.13-க்கு அது வந்ததே அதற்குச் சில மாதங்கள் கழித்துத்தான். அவளுடைய பழைய 3.11 எங்கேயும் போகவில்லை, அதற்குள் டென்சர்ஃப்ளோவும் பத்திரமாக இருந்தது. பைத்தான் என்று கூப்பிட்டபோது புதியது முந்திக்கொண்டு எழுந்து நின்றது, அவ்வளவுதான் கதை. அழிக்காமல் இருந்திருந்தால் மூன்று நிமிட வேலை.

பிப்ரவரியில் வயலில் என்ன இருக்கும்? அறுத்த தாள்தான் இருக்கும். இலை எங்கே போய்த் தேடுவது?

இதுதான் என் கோபத்தின் முதல் படி. இப்போது இரண்டாம் படிக்கு வருகிறேன். பாடம் நடத்தப்போகிறேன், தூங்கக் கூடாது.

உங்களில் ஒரு செட்டுக்கு நன்றாக நினைவிருக்கும், ஒன்பதாம் வகுப்பில் ஒரே பெயரில் இரண்டு பையன்கள் இருந்தார்கள். பெயரை எழுதினால் இருவரும் கமென்டில் சண்டைக்கு வருவார்கள், அதனால் எழுதவில்லை. அட்டென்டன்ஸ் எடுக்கும்போது நான் பெயரை மட்டும் சொன்னால், முதல் பெஞ்சில் இருந்தவன் "உள்ளேன் ஐயா" என்பான். பின் பெஞ்சில் இருந்தவன் வாயைத் திறக்க மாட்டான். ஒரு வாரம் அவனுக்கு ஆப்சென்ட் விழுந்தது. அதற்கு நான் என்ன செய்தேன்? வகுப்பையே கலைத்துவிட்டு, எல்லாப் பிள்ளைகளுக்கும் டி.சி. கொடுத்து, புதிதாக அட்மிஷன் போட்டேனா? இனிஷியல் சேர்த்துக் கூப்பிட்டேன். பிரச்சினை தீர்ந்தது.

கம்ப்யூட்டரில் நடப்பதும் இதேதான். நீங்கள் பைத்தான் என்றோ ஜாவா என்றோ தட்டியதும் விண்டோஸ் வட்டு முழுக்கப் போய்த் தேடுவதில்லை. அதன் கையில் பாத் என்ற ஒரு பட்டியல் இருக்கிறது. எந்தெந்த ஃபோல்டரில் எந்த வரிசையில் தேட வேண்டும் என்ற பட்டியல். மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வரும். முதலில் கண்ணில் படுகிறதை எடுத்து ஓட்டிவிடும், அதோடு தேடுவதை நிறுத்திவிடும். இரண்டாவதாக இருப்பது உயிரோடு, நலமாக, பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். அதை யாரும் கூப்பிடவில்லை.

ஆகவே, ஒரு கம்ப்யூட்டரில் இரண்டு வெர்ஷன் இருப்பது நோயே கிடையாது. அது இயல்பு. பைத்தானில் இப்போது ஆண்டுக்கு ஒன்றாக, அக்டோபர் மாதத்தில் புதுப் பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டுகள் ஆதரவு உண்டு. அப்படியென்றால் எந்த நேரத்திலும் நாலைந்து பதிப்புகள் உலகத்தில் உயிரோடு இருக்கும். எல்லா நூலகமும் எல்லாப் பதிப்புக்கும் ஒரே நாளில் தயாராகிவிடாது. பெரிய நூலகங்களில் கணக்குப் போடும் பகுதியை ஒவ்வொரு பைத்தான் பதிப்புக்கும் தனியாகத் தயாரித்து வெளியிடுகிறார்கள். 3.11-க்கு வந்ததை 3.13-ல் ஏற்ற முடியாது. ஆறாம் வகுப்புச் சட்டை பத்தாம் வகுப்பில் ஏறுமா?

"பழசையெல்லாம் தூக்கிட்டு லேட்டஸ்ட் மட்டும் வச்சுக்கணும் சார்" என்று சொல்லும் அறிவாளிகளுக்கு ஒரு சரித்திரம். பைத்தான் 3 முதன்முதலில் வந்தது 2008 டிசம்பரில். பழைய பைத்தான் 2-க்கு 2015-ல் ஆதரவை நிறுத்துவதாகத்தான் முதலில் இருந்தார்கள். உலகம் மாறி முடிக்கவில்லை என்று தெரிந்து ஐந்து வருடம் தள்ளிப்போட்டார்கள். 2020 ஜனவரி 1-ஆம் தேதிதான் நிறுத்தினார்கள். அந்த மொழியை உருவாக்கியவர்களே பதினொரு வருடம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார்கள். நம் தெருமுனைக் கடையில் பதினொரு நிமிடம் பொறுக்க மாட்டேன் என்கிறார்கள்.

இன்னொன்று. எரர் வந்தால்தான் வெர்ஷன் தகராறு என்று நினைக்காதீர்கள். 7-ஐ 2-ஆல் வகுக்கச் சொல்லி ஒரு வரி எழுதுங்கள். பைத்தான் 2 உங்களுக்கு 3 என்று விடை சொல்லும். பைத்தான் 3 அதே வரிக்கு 3.5 என்று சொல்லும். எரர் கிடையாது, எச்சரிக்கை கிடையாது. விடை மட்டும் வேறு. எது பதில் சொல்கிறது என்று தெரியாமல் விடையை நம்புகிறவன், கேள்வித்தாளைப் பார்க்காமல் மார்க் போடுகிற வாத்தியார் மாதிரி.

அதனால்தான் சொல்கிறேன், கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றே ஒன்று: "இப்போது பதில் சொல்வது யார்?"

இதைக் கேட்பதற்கு விண்டோஸில் ஒரு கட்டளை இருக்கிறது. கமாண்ட் பிராம்ட்டைத் திறந்து, எங்கே என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, பைத்தான் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். அந்த ஆங்கிலச் சொல்லை வாய்விட்டுச் சொன்னால் நம் காதில் "வேர்" என்றே விழும். மறக்கவே மறக்காது. நோயின் வேரைப் பார்க்கும் கட்டளை. பாத் பட்டியலில் எத்தனை பைத்தான் இருக்கிறதோ அத்தனையின் முகவரியும் வரிசையாக வரும். முதல் வரியில் இருப்பதுதான் முதல் பெஞ்சுக்காரன். நீல நிறப் பவர்ஷெல்லில் தட்டுகிறவர்கள் அந்தச் சொல்லுக்குப் பின்னால் புள்ளி வைத்து இ எக்ஸ் இ சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே அந்தச் சொல்லுக்கு வேறு வேலை கொடுத்து வைத்திருக்கிறார்கள். லினக்ஸில் எது என்று பொருள்படும் "விச்" கட்டளை. அதோடு கழித்தல் குறியும் ஏ எழுத்தும் சேர்த்தால் எல்லா முகவரியும் வரும்.

பட்டியலில் விண்டோஸ்ஆப்ஸ் என்ற ஃபோல்டரில் ஒரு பைத்தான் தெரிந்தால் குழம்பாதீர்கள். அநேகமாக அது உண்மையான பைத்தான் இல்லை. ஸ்டோர் பக்கத்துக்குக் கூட்டிப்போகும் ஒரு பெயர்ப்பலகை மட்டும்தான். செட்டிங்ஸில் ஆப் எக்ஸிகியூஷன் ஏலியஸ் என்ற இடத்தில் அதை அணைத்து வைக்கலாம்.

இரண்டாவது, இனிஷியல் சேர்த்துக் கூப்பிடுவது. பைத்தானோடு "பி ஒய்" என்ற இரண்டெழுத்துக் கட்டளையும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். பி ஒய், இடைவெளி, கழித்தல் குறி, பூஜ்யம் என்று தட்டினால் மெஷினில் இருக்கும் எல்லாப் பதிப்பையும் காட்டும். நட்சத்திரம் போட்டிருப்பது வழக்கமாகக் கூப்பிடப்படுவது. பி ஒய், இடைவெளி, கழித்தல் குறி, 3.11 என்று தட்டினால் பின் பெஞ்சுக்காரனே நேராக எழுந்து வருவான். இதைத்தான் மூன்று நிமிட வேலை என்றேன்.

மூன்றாவது, பிப். நூலகங்களை இறக்கித் தரும் ஆள். பைத்தான் ஒன்றாகவும் பிப் இன்னொன்றின் பிப்பாகவும் இருந்தால், இவன் வாங்கி வந்த சாமானை அவன் வீட்டில் இறக்கிவிட்டுப் போவான். "இன்ஸ்டால் ஆச்சுன்னு சொல்லுது, ஆனா இல்லைன்னும் சொல்லுது" என்று புலம்புவீர்களே, அது இதுதான். அதனால் பிப்பைத் தனியாகக் கூப்பிடாதீர்கள். பி ஒய் கழித்தல் 3.11, பிறகு கழித்தல் எம், பிறகு பிப் என்று எழுதுங்கள். எந்தப் பைத்தானின் பிப் என்ற சந்தேகமே வராது.

நான்காவது, ஒவ்வொரு புராஜெக்டுக்கும் தனி அஞ்சறைப் பெட்டி. கழித்தல் எம், வி இ என் வி என்று எழுதி ஒரு பெயர் கொடுத்தால், அந்தப் புராஜெக்டுக்கென்று தனியாக ஒரு பைத்தான் சூழல் உண்டாகும். ஒரு பெட்டியின் மிளகு இன்னொன்றின் சீரகத்தில் விழாது. அதோடு பிப் ஃப்ரீஸ் என்ற கட்டளையால், எந்த நூலகம் எந்தப் பதிப்பு என்ற சாமான் பட்டியலை ஒரு கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மெஷினே எரிந்து போனாலும் அந்தப் பட்டியலை வைத்துத் திரும்பக் கட்டலாம்.

உபுண்டு வைத்திருப்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை. சிஸ்டத்தோடு வந்த பைத்தானைப் பழசு என்று நினைத்து நீக்கிவிடாதீர்கள். அந்தச் சிஸ்டத்தின் பல பகுதிகள் அதன் தோளில்தான் நிற்கின்றன. நீக்கினால் திரையே போய்விடும். 2023-க்குப் பிறகு வந்த டெபியன், உபுண்டு பதிப்புகளில், சிஸ்டம் பைத்தானுக்குள் பிப்பை வைத்து எதையாவது திணித்தால் அதுவே மறுத்துவிடுகிறது. அந்த மறுப்பைத் தாண்டிப் போக வழி சொல்லும் வீடியோக்களைப் பார்க்காதீர்கள். பெட்டி செய்துகொள்ளுங்கள்.

இப்போது எடுத்துக்காட்டுக் கணக்கு. திங்கட்கிழமை மெஷின்.

பையனிடம் எரரின் கடைசி வரியை வாசிக்கச் சொன்னேன். "அது நீளமா இருக்கு சார்" என்றான். நீளமாக இருந்தால் வாசிக்கக் கூடாதா? வாசித்தான். கிளாஸ் கோப்பின் பதிப்பு 61, இந்த ஜாவாவுக்கு 52 வரைக்கும்தான் தெரியும் என்று சொல்லியிருந்தது. நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: அந்த எண்ணிலிருந்து 44-ஐக் கழித்தால் ஜாவாவின் பதிப்பு வரும். 61-ல் 44 போனால் 17. 52-ல் 44 போனால் 8. ஆக, புரோகிராமைத் தயாரித்தது ஜாவா 17, ஓட்டப் பார்த்தது ஜாவா 8. எழுதியவர் ஒருவர், வாசிப்பவர் வேறொருவர். கம்ப்யூட்டர் நோயையும் சொல்லி, அளவையும் சொல்லியிருக்கிறது. கடையில் அந்த வரியை வாசித்தவர் யாருமில்லை.

வேர் கட்டளையைப் போட்டோம். ஜாவா என்று கேட்டதற்கு இரண்டு முகவரி வந்தது, முதலில் இருந்தது பழைய 8. எப்போதோ ஒரு பழைய மென்பொருளுக்காகப் போட்டது. ஜாவா கம்பைலரைக் கேட்டதற்கு 17 மட்டும் வந்தது. கணக்கு முடிந்தது. என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் ஜன்னலைத் திறந்து 17-ன் பின் ஃபோல்டரைப் பட்டியலில் மேலே ஏற்றினோம். அப்போதும் ஓடவில்லை! பையன் முகம் வாடியது. பாத் பட்டியல் இரண்டு இருக்கிறது, சிஸ்டத்துக்கு ஒன்று, பயனருக்கு ஒன்று. விண்டோஸ் முதலில் சிஸ்டம் பட்டியலைத்தான் பார்க்கும். பழைய ஜாவா சிஸ்டம் பட்டியலில் இருந்தது, நாங்கள் பயனர் பட்டியலில் ஏற்றிக்கொண்டிருந்தோம். சிஸ்டம் பட்டியலில் பழையதற்கு மேலே 17-ஐச் சேர்த்தோம். திறந்திருந்த கறுப்பு ஜன்னலை மூடிவிட்டுப் புதிதாகத் திறந்தோம். திறந்திருக்கும் ஜன்னல் பழைய பட்டியலையே பிடித்துக்கொண்டிருக்கும், அதனால் இது அவசியம். ஓடியது. பதினைந்து நிமிடம். ஜாவா 8-ஐயும் நீக்கவில்லை. அது பின் பெஞ்சில் இருக்கட்டும், யாருக்கும் தொந்தரவில்லை.

மூன்றாம் படி. இதற்கெல்லாம் யார் காரணம்?

கடைக்காரரை மட்டும் திட்டிவிட்டுப் போவது எளிது. என்னிடம் படித்த ஒருவரே சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். அவரிடம் பேசினேன். "சார், ஒரு மணி நேரம் உக்காந்து வேரைக் கண்டுபிடிச்சு ஒரு வரியை மாத்திக் கொடுத்தா, 'இதுக்கா காசு'ன்னு கேக்குறாங்க. ஃபார்மட் அடிச்சுப் புது வால்பேப்பர் வச்சுக் கொடுத்தா, பேசாம எழுநூறு எடுத்து வைக்கிறாங்க" என்றார். நியாயமான பதில், எனக்கு வாய் அடைத்துவிட்டது. யோசித்துச் செய்த வேலை கண்ணுக்குத் தெரியாது, இடித்துக் கட்டியது தெரியும். நாம் தெரிவதற்குத்தான் கூலி கொடுக்கிறோம். ஆனால் தம்பி, அந்த நியாயம் உன் கூலிக்கு மட்டும்தான் பொருந்தும், பாப்பாவின் 1,400 படத்துக்குப் பொருந்தாது. வேரைப் பார்ப்பதற்கென்று ஒரு கூலியைப் பலகையில் எழுதி வை. கொடுக்க மாட்டேன் என்கிறவரை என்னிடம் அனுப்பு.

ஃபார்மட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. வைரஸ் உள்ளே புகுந்து உட்கார்ந்துவிட்டால், விண்டோஸே எழுந்திருக்க மாட்டேன் என்றால், செய்ய வேண்டியதுதான். அதுவும் கோப்புகளை வெளியே எடுத்து வைத்த பிறகு, மெஷினுக்குச் சொந்தக்காரரைக் கேட்ட பிறகு. தூக்கி வந்தவரைக் கேட்டால் போதாது. வெர்ஷன் தகராறுக்கு ஃபார்மட் அடிப்பது, தலையில் பேன் என்று சொல்லி வந்த பிள்ளைக்குக் கழுத்தில் கத்தி வைப்பது.

அடுத்தது ஆசிரியர்கள். இந்தக் குற்றவாளிக் கூண்டில் நான் முதலில் ஏறுகிறேன். தமிழ்நாட்டுப் பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகத்தில் 2019-ல் பைத்தான் வந்தது. ஓய்வு பெறும்வரை நானும் நடத்தினேன். ஐந்து மார்க் கேள்விக்கு எது வரும் என்று கோடு போட்டுக் கொடுத்தேன். பிராக்டிகலுக்கு எந்த புரோகிராம் வரும் என்று மனப்பாடம் செய்ய வைத்தேன். எரர் வந்தால் என்ன சொல்வேன் தெரியுமா? "அழிச்சிட்டு மறுபடி அடி." பாத் என்ற பட்டியலை ஒருநாள் கூடத் திறந்து காட்டியதில்லை. எரரின் கடைசி வரியை வாய்விட்டு வாசிக்கச் சொன்னதில்லை. கேள்வித்தாளில் வராததை நான் நடத்தவில்லை. அழித்துவிட்டு மறுபடி அடி என்று வகுப்பில் சொன்ன வாத்தியாரும், அழித்துவிட்டு மறுபடி போடு என்கிற கடையும் ஒரே ஆள்தான். அந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை வருடம் சொன்னேன் என்று எண்ணிப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது.

எரர் செய்தி என்பது திட்டு கிடையாது பிள்ளைகளே. அது கம்ப்யூட்டர் எழுதும் விடைத்தாள். எங்கே தப்பு, எந்த எண்ணில் தப்பு என்று எழுதித் தருகிறது. ஆங்கிலத்தில் இருப்பதால் பயப்படுகிறோம். அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு வாசித்தால் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு சொற்கள்தான்.

முடிவாக, யார் யாருக்கு என்ன சொல்கிறேன் என்று எழுதிவிடுகிறேன்.

கல்லூரியில் பாடம் நடத்தும் என் பழைய மாணவர்களே: முதல் லேப் வகுப்பில் வேண்டுமென்றே இரண்டு வெர்ஷனைப் போட்டு வைத்து, எது பதில் சொல்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மார்க் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

பெற்றோராக இருப்பவர்களே: பிள்ளையின் மெஷினைப் பிள்ளை இல்லாமல் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். "ஒண்ணுமில்ல, படிக்கிறது மட்டும்தான்" என்று சொல்லாதீர்கள். மாப்பிள்ளை, உங்களைச் சொல்லிக் காட்டவில்லை. அன்றைக்கு நீங்கள் அன்பால்தான் தூக்கிப் போனீர்கள். அது பாப்பாவுக்கும் தெரியும்.

படிக்கிற பிள்ளைகளே: டெஸ்க்டாப்பில் மட்டும் எதையும் வைக்காதீர்கள். ஒரு பிரதி பென் டிரைவில், ஒரு பிரதி வேறு வீட்டில். புதியதை இன்ஸ்டால் செய்வதற்கு முன், பழையது எது என்று ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். பாத் பெட்டியில் டிக் போடும் முன் ஒரு விநாடி யோசியுங்கள். அந்த டிக்தான் முதல் பெஞ்சை மாற்றுகிறது.

பாப்பா என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். தோழிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த இருநூற்றுச் சொச்சம் படங்கள் தேறின. தெளிவு குறைந்த படங்கள். அதை வைத்துப் புராஜெக்டை முடித்தாள், பாஸ் செய்தாள். ஆனால் அவள் நினைத்த புராஜெக்ட் அது இல்லை. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இந்த சம்பாவுக்கு மறுபடி வரப்பில் இறங்கியிருக்கிறாள். இப்போது மார்க்குக்காக இல்லை. அந்தப் பக்கத்து வீட்டுப் பெரியவர், "உன் கம்ப்யூட்டர் என் வயலைப் பாத்துச் சொல்லுமா பாப்பா?" என்று கேட்டாராம், அதற்காக. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு பென் டிரைவ் என் வீட்டுக்கு வருகிறது. நான் திறந்து எண்ணிப் பார்த்துவிட்டு பீரோவில் வைக்கிறேன். நேற்றைக்கு 412.

கேள்வி இருந்தால் கமென்டில் கேளுங்கள். எரரின் கடைசி வரியை முழுசாக எழுதிக் கேளுங்கள். "ஓட மாட்டேங்குது சார்" என்று மட்டும் எழுதுகிறவர்களுக்கு பதில் கிடையாது, பெஞ்ச் மேல் ஏறி நிற்கவும்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்